ஹெரால்டு என்ஜினை வீட்டிலேயே இறக்கலாமா? வேப்பமரக் கிளையை நம்பலாமா?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் 3, நாலு கதவு வண்டி, 1969 மாடல். பதினொரு வருஷமாக ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. போன தீபாவளிக்கு டேங்கைக் கழுவி, புது பேட்டரி மாட்டி, சாவியைத் திருப்பியதில் கொஞ்சம் அழவைத்துவிட்டு ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் புகை! கொசு மருந்து வண்டி தெருவுக்குள் வந்துவிட்டதென்று பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். இருநூறு கிலோமீட்டர் ஓட்டுவதற்குள் ஒரு லிட்டர் ஆயிலுக்கு மேல் குடித்துவிட்டது.

இங்கே பழைய பதிவுகளைப் படித்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் (உள்ளழுத்தம்) பார்த்தேன். 1, 3, 4 மூன்றும் நூறு பிஎஸ்ஐயை ஒட்டி இருக்கிறது, 2 மட்டும் 60. அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் 95க்கு ஏறுகிறது. வால்வு இல்லை, பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது என்று எனக்கே புரிந்துவிட்டது. லேத்தில் கேட்டதற்கு என்ஜின் பிளாக்கைக் கொண்டுவந்து போட்டால்தான் அளந்து சொல்ல முடியும் என்கிறார்கள். ஆக என்ஜின் இறக்கியே ஆகவேண்டும்.

எங்கள் ஊர் மெக்கானிக் நல்ல மனிதர்தான், ஆனால் இதுவரை இறக்கியதெல்லாம் அம்பாசடரும் ஜீப்பும். ஷெட்டுக்கு வெளியே நிற்கிற வேப்பமரத்தைப் பார்த்தார், கிளையைத் தட்டிப் பார்த்தார், “இதிலேயே செயின் பிளாக் போட்டுத் தூக்கிடலாம் தம்பி, அரை நாள் வேலை” என்று சொல்லிவிட்டார் (செயின் பிளாக் என்றால் பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி). எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பாவுக்கு 76 வயது, அவரும் பக்கத்தில் நின்று கை கொடுப்பேன் என்று அடம் பிடிப்பார், அது வேறு பயம்.

கியர்பாக்ஸோடு சேர்த்து எடுப்பதா, தனியாகவா? தூக்குவதற்கு எங்கே கட்டவேண்டும்? மரக்கிளை வேண்டாமென்றால் வேறு என்ன வழி? ஷெட்டின் மேலே மூணு அங்குல ஜிஐ பைப் போகிறது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தாங்குகிற பைப். அதில் தொங்கவிடலாமா?

---

வண்டிப்பித்தன் எழுதியது:

முதலில் அந்த ஜிஐ பைப்பை மறந்துவிடுங்கள். அது ஷீட்டின் எடையைப் பரவலாகத் தாங்குவதற்குப் போட்டது. நடுவில் ஒரே இடத்தில் நூறு கிலோவுக்கு மேல் தொங்கவிட்டால் பைப் வளையும், பைப் வளைந்தால் ஷீட் உடையும், உடைகிற ஷீட் யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

நானும் ஹெரால்டுதான் வைத்திருக்கிறேன் (மார்க் 2, இரண்டு கதவு). கோயம்புத்தூரில் வீட்டு வாசலிலேயே இரண்டு தடவை என்ஜின் இறக்கியிருக்கிறேன். ஒரு விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அம்பாசடரில் பானெட்டைக் கழற்றினாலும் இரண்டு பக்க மட்கார்டுக்கு நடுவில் குழிக்குள் குனிந்துதான் வேலை. ஹெரால்டில் மட்கார்டு, பானெட், ஹெட்லைட் எல்லாம் ஒரே மூக்காக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். அந்த மூக்கையே முழுதாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டால் சேஸும் டயரும் என்ஜினும் மட்டும் நிற்கும், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இத்தாலிய டிசைனர் மிக்கேலோட்டி வரைந்த வண்டி, அழகுக்குப் பேர் போனது, ஆனால் மெக்கானிக்குகள் அவருக்குக் கும்பிடு போடவேண்டியது இந்த மூக்குக்காகத்தான். மூக்கைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கீலின் போல்ட்டைக் கழற்றும் முன் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது கதவுக்கும் மூக்குக்கும் இடைவெளி பிடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஹெட்லைட் வயர்களைப் பிரிக்க மறக்காதீர்கள்.

கியர்பாக்ஸ் கேள்விக்கு வருகிறேன். என் ஓட்டு தனித்தனியாக எடுப்பதற்குத்தான். ஹெரால்டில் கியர்பாக்ஸை வண்டிக்கு உள்ளே இருந்தே எடுக்கலாம். முன் சீட் இரண்டையும் வெளியே எடுத்துவிட்டு, கார்ப்பெட்டை உரித்து, நடுவில் உள்ள டனல் மூடியைக் கழற்றினால் கியர்பாக்ஸ் உங்கள் மடிக்குப் பக்கத்தில் கிடக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் கியர்பாக்ஸோடு நாலு போல்ட் பிளேஞ்சில்தான் சேர்கிறது, மற்ற பல வண்டிகள் மாதிரி வாலில் செருகி இருக்காது, அதனால் ஷாஃப்டை இறக்கியதும் ஆயில் கொட்டித் தரை நாசமாகாது. ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், பின்பக்க மவுண்டிங், அப்புறம் பெல் ஹவுசிங் போல்ட்டுகள். ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவைத்த பிறகு யாரும் கிளட்ச் பெடலை மிதிக்கக் கூடாது, மிதித்தால் உள்ளே இருக்கும் பிஸ்டன் எகிறி வெளியே வந்துவிடும். என் பையன் மிதித்தான்.

ஒரு முக்கியமான விஷயம். இந்த என்ஜினுக்கு முன்பக்கம் மட்டும்தான் மவுண்டிங், பின்பாரத்தைத் தாங்குவது கியர்பாக்ஸ். அதை உருவினால் என்ஜின் பின்பக்கமாகத் தொங்கிப்போகும். ஆகவே பெல் ஹவுசிங் போல்ட்டில் கை வைக்கும் முன்பே ஆயில் சேம்பரின் பின்பகுதிக்குக் கீழே ஜாக்கி வைத்து, ஜாக்கிக்கும் சேம்பருக்கும் நடுவில் அகலமான பலகைத் துண்டு கொடுங்கள். சேம்பர் வெறும் தகரம், பலகை இல்லாமல் ஜாக்கியை ஏற்றினால் குழி விழுந்துவிடும்.

ஸ்பானர் விஷயத்தில் மெக்கானிக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். இதெல்லாம் இன்ச் நட்டு. அரை இன்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர், 13 ஸ்பானர் ‘ஏறக்குறைய’ பிடிக்கும், துரு ஏறிய நட்டில் அந்த ஏறக்குறைய போதும் முனை மழுங்க. 9/16க்கு 14 ஏறாது, 15 லூஸ். ஒரு இன்ச் செட்டு வாங்கிவிடுங்கள், கடைசியில் அது லாபம். சைலன்சர் பைப் நட்டுகளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே தினம் காலை மாலை ரஸ்ட் ஸ்ப்ரே அடியுங்கள்.

---

பட்டறைத்தாத்தா எழுதியது:

தம்பி, நாற்பது வருஷம் பட்டறையில் இருந்தவன் சொல்கிறேன். மரக்கிளையில் என்ஜின் தூக்காத மெக்கானிக் நம் ஊரில் அந்தக் காலத்தில் கிடையாது, நானும் தூக்கியிருக்கிறேன், புளியமரத்தில். உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் என் இடது கால் கட்டைவிரலுக்கு நகம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குக் கிளை ஒன்றும் ஒடியவில்லை. எல்லோரும் கிளை ஒடியும் என்றுதான் பயப்படுகிறார்கள். கிளை வளைந்து கொடுத்தது, செயின் பிளாக் நடுமரத்துப் பக்கமாக ஒரு சாண் வழுக்கியது, தொங்கிக்கொண்டிருந்த என்ஜின் ஊஞ்சல் ஆடியது. ஆடுகிற என்ஜினைக் கையால் பிடிக்கப் போனேன். கட்டியிருந்தது பழைய லாரிக் கயிறு, என்ஜின் பிளாக்கின் கூர்முனையில் அறுபட்டது. அவ்வளவுதான். நூறு கிலோ சாமான் ஆடினால் மனிதக் கை அதை நிறுத்தாது. ஆடினால் விலகி நில், தானாக நிற்கட்டும். இதை நான் சிஷ்யப் பையன்களுக்குத் திட்டித் திட்டித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது என்ஜின் கிரேன் எல்லா ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கிறது, ஹைட்ராலிக், சக்கரம் வைத்தது. பக்கத்து டவுனில் பெரிய பட்டறையில் கேளுங்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு டன் என்று எழுதியிருக்கும், ஆனால் கையை முழுக்க வெளியே இழுத்துவிட்டால் அரை டன்தான் தூக்கும், ஒவ்வொரு துளைக்கும் எவ்வளவு என்று கையிலேயே போட்டிருப்பார்கள். உங்கள் என்ஜினுக்கு அரை டன் தாராளம், ஆனால் கை நீள நீளக் கிரேனே முன்பக்கம் குடைசாயப் பார்க்கும் என்பது மனதில் இருக்கட்டும். தரை சிமெண்டாக இருக்கவேண்டும். மண் தரையில் அதன் சின்னச் சக்கரம் புதைந்து ஒருபக்கம் சாயும். உங்கள் ஷெட் மண் தரையாக இருந்தால் கெட்டியான பிளைவுட் இரண்டு போட்டு அதன் மேல் ஓட்டுங்கள்.

கட்டுவது பற்றி. ஹெட் ஸ்டட்டில் முன்னால் ஒன்று, பின்னால் எதிர்மூலையில் ஒன்று, கனமான இரும்புப் பட்டையில் துளை போட்டு, நட்டை முழுக்க இறுக்கி, அதில் டி ஷாக்கிள் மாட்டித் தூக்குவதுதான் எனக்குப் பிடித்த முறை. மேனிபோல்டில் கட்டாதே, டைனமோ பிராக்கெட்டில் கட்டாதே, டப்பட் கவரைச் சுற்றிக் கயிறு போடாதே. இரண்டு கால் செயினுக்கு நடுவில் விரிகிற கோணத்தையும் பார்க்கவேண்டும். செயின் நீளமாக இருந்து கோணம் 60 டிகிரிக்குள் நின்றால் ஒவ்வொரு காலும் மொத்த எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல் தாங்கும். செயினைக் குட்டையாகப் போட்டு 120 டிகிரி விரித்தால் ஒவ்வொரு காலும் முழு எடையையும் தாங்கவேண்டி வரும், ஸ்டட்டையும் பக்கவாட்டில் இழுத்து வளைக்கும். உயரம் பத்தவில்லை என்று செயினைக் குட்டையாக்குகிற இடத்தில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது.

அப்புறம் பெட்ரோல். உங்கள் வண்டிக்கு டேங்க் டிக்கியில் இருக்கிறது. பம்ப்பில் இருந்து பைப்பை உருவினால் டேங்கில் இருக்கும் பெட்ரோல் தானாகவே ஒழுகலாம். ஒன்று டேங்கைக் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் பைப் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி கிளிப் போடுங்கள். பீடி, சிகரெட், குண்டு பல்பு ஹேண்ட் லாம்ப் மூன்றும் அன்று ஷெட்டுக்குள் வரக்கூடாது. ஹேண்ட் லாம்ப் கீழே விழுந்து பல்பு உடைந்தால் அந்த இழை தீக்குச்சிக்குச் சமம். எல்இடி விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். நாற்காலி போட்டு ஷெட் வாசலில் உட்காரவைத்து, கழற்றுகிற ஒவ்வொரு நட்டையும் வாங்கி டப்பாவில் போட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். உதவியும் ஆச்சு, கிரேன் பக்கம் வராமலும் ஆச்சு.

---

மைனர்_யாழ் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன், என்னிடம் இருப்பது மொறிஸ் மைனர், 948 சிசி. உங்கள் ஹெரால்டும் 948 சிசிதான், ஆனால் இரண்டும் வேறு வேறு கம்பனியின் என்ஜின், ஒன்றின் சாமான் மற்றதுக்குப் போடேலாது. ஆனால் கழற்றுகிற கஷ்டம் ஒன்றுதான்.

வண்டிப்பித்தன் அண்ணா சொன்னது போல நானும் என்ஜினைத் தனியாகவே எடுத்தேன், ஆனால் மைனரில் கியர்பொக்ஸ் வண்டியிலேயே இருக்கும், என்ஜினை முன்னுக்கு இழுத்து எடுக்கவேண்டும். அதிலே நான் விட்ட பிழையைச் சொல்கிறேன், யாராவது கியர்பொக்ஸை விட்டுவிட்டு என்ஜினை மட்டும் இழுக்க நினைத்தால் உதவும். கியர்பொக்ஸுக்குக் கீழே ஜாக் வைத்தேன், சரி. ஆனால் என்ஜினின் பாரம் கிரேனுக்குப் போகப்போக வண்டியின் முன் ஸ்பிரிங் விரிந்து மூக்கு மேலே எழும்பும் என்பதை நினைக்கவில்லை. வண்டி எழும்பியது, ஜாக் இருந்த இடத்திலேயே இருந்தது, கியர்பொக்ஸ் ஒரு கோணம், என்ஜின் ஒரு கோணம். நடுவில் கிளட்ச் பிளேட்டின் நடுத்துளைக்குள் கியர்பொக்ஸ் ஷாஃப்ட் இறுகிப்போய் நின்றது. நான் ஆட்டி ஆட்டி இழுத்ததில் பிளேட் வளைந்துவிட்டது. அந்த ஷாஃப்ட் ஒரு நாளும் என்ஜினின் பாரத்தைத் தாங்கக்கூடாது. வண்டி எழும்ப எழும்ப ஜாக்கையும் கூடவே ஏற்றி, இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பெல் ஹவுசிங் இடைவெளியைச் சுற்றிலும் பார்த்துக்கொண்டே இழுக்கவேண்டும். மேலே ஒரு நூல் இடைவெளி, கீழே அரை அங்குலம் என்று இருந்தால் நிறுத்துங்கள்.

பற்றறி விஷயத்தில் ஒரு சொல். பழைய இங்கிலாந்துக் கார்கள் பல பொசிட்டிவ் ஏர்த், அதாவது பற்றறியின் பொசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். எப்போதும் நெகட்டிவைத்தான் முதலில் கழற்றவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு செய்யாமல், எந்த வயர் வண்டியின் பொடிக்கு (உடலுக்கு) போகிறதோ அதை முதலில் கழற்றுங்கள். கடைசியில் மாட்டுவதும் அதுவே.

இது தலைப்புக்கு வெளியே, மன்னிக்கவும். உங்கள் புகையைப் படித்தவுடன் சிரிப்பு வந்தது. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் இங்கே இந்தக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியவை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஒரு கார் போனால் ரோட்டு முழுக்க மணக்கும். அந்தப் பாட்டைப் பட்ட என்ஜின்தான் என்னுடையது, ரிங் தேய்ந்ததற்கு அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

---

நூல்பிடி எழுதியது:

லேத்துக்காரன் பேசுகிறேன். எல்லோரும் தூக்குவதைப் பற்றியே எழுதிவிட்டார்கள், என்ஜின் வண்டியில் இருக்கும்போதே பார்க்கவேண்டிய ஒன்றை யாரும் சொல்லவில்லை. காவிரிக்கரை, ஒரு ஸ்பானரையும் எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒருவர் கிளட்சை மிதித்து மிதித்து விடட்டும், நீங்கள் முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். புல்லி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க் அப்படி நகராமல் தடுக்கிற திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கலாம், அது சும்மா பார்த்தால் தெரியாது, டயல் கேஜ் வேண்டும். இந்த என்ஜின் குடும்பத்துக்கே இருக்கிற பழைய வியாதி அது. அரைவட்ட வாஷர் இரண்டு, பின்பக்க மெயின் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். அளவுக்கு மேல் தேய்ந்தால் நழுவிச் சேம்பருக்குள் விழும், அப்புறம் கிராங்க் நேராகப் பிளாக்கையே அரைக்கும். வாஷர் சில நூறு ரூபாய் சமாச்சாரம், பிளாக் போனால் ஹெரால்டுக்கு பிளாக் தேடி அலைய வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் செய்த வண்டிதான், ஆனாலும் 1971க்குப் பிறகு ஹெரால்டு செய்யவே இல்லை என்பதை மறக்கவேண்டாம்.

இறக்கிய பிறகு சேம்பர் மேல் உட்காரவைக்காதீர்கள். பழைய லாரி டயர் ஒன்றைப் படுக்கப்போட்டு அதன் மேல் இறக்கினால் ஆடாமல் உட்காரும். கிரேனில் தொங்கவிட்டுக்கொண்டே சேம்பரைக் கழற்றுவது, கீழே கையை விட்டுப் பேரிங் மூடியைக் கழற்றுவது, இதெல்லாம் தினம் பார்க்கிறேன், தினம் வயிற்றைக் கலக்குகிறது.

பிளாக்கை எனக்கோ வேறு யாருக்கோ அனுப்பும் முன், மெயின் பேரிங் மூடி, கனெக்டிங் ராடு மூடி எல்லாவற்றிலும் எது எந்த இடம், எந்தப் பக்கம் முன் என்று சென்டர் பஞ்ச் (புள்ளி குத்தும் இரும்பு உளி) வைத்துக் குறி வையுங்கள். மார்க்கர் கோடு டீசலில் கழுவியதும் போய்விடும். கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்துக் கிளட்ச் பிளேட்டிலும் பிரேக் லைனரிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

---

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படித்ததும் முதலில் கிராங்க் புல்லியைத்தான் போய்ப் பார்த்தேன். அப்பா கிளட்சை மிதித்தார். நகர்கிறது. டயல் கேஜ் எல்லாம் தேவையே இல்லை, டார்ச் போதும். ஒரு வாரம் கழித்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அதுவரை ஸ்டார்ட் செய்து ஸ்டார்ட் செய்து புகையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

மெக்கானிக்கிடம் கிரேன் வாடகைக்கு எடுக்கிறேன் என்றதும் கொஞ்சம் முகம் சுருங்கியது. பட்டறைத்தாத்தா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். கட்டைவிரல் நகம் வரை வந்ததும் “சரி தம்பி, கிரேனே வரட்டும்” என்று சொல்லிவிட்டார். அடுத்த சனி ஞாயிறு இறக்குகிறோம்.

---

காவிரிக்கரை எழுதியது (இரண்டு வாரம் கழித்து):

இறங்கிவிட்டது! யாருக்கும் காயம் இல்லை, என் முட்டி தோல் உரிந்ததைத் தவிர.

நடந்ததை எழுதுகிறேன், அடுத்து யாராவது செய்தால் உதவும். சனிக்கிழமை முழுக்கக் கழற்றுகிற வேலை மட்டும். மூக்கைக் கழற்றி அண்ணன் வீட்டுத் திண்ணையில் வைத்தோம். ரேடியேட்டர் தண்ணீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. வயர் ஒவ்வொன்றுக்கும் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதி, கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ. அப்பாவுக்குத் தாத்தா சொன்ன அதே வேலை. அவர் ஒரு அட்டையில் பெல் ஹவுசிங்கை வட்டமாக வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் அட்டையில் துளை போட்டுச் செருகி வைத்துவிட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பேங்கில் முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் எழுதியவர்.

கியர்பாக்ஸ் உள்ளே இருந்தே வந்துவிட்டது, நானும் மெக்கானிக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இடது கதவு வழியாக வெளியே எடுத்தோம். இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியம். அம்பாசடரில் இப்படி முடியாதே என்று நாலு தடவை சொன்னார்.

ஞாயிறு காலை கிரேன். ஹெட் ஸ்டட்டில் பட்டை போட்டு, செயினை நீளமாகவே விட்டு, மெதுவாகப் பம்ப் அடித்தோம். செயின் விறைத்தது. மவுண்டிங்கில் இருந்து ஒரு அங்குலம் எழும்பியது. அப்புறம் என்ஜின் எழும்பவில்லை, வண்டிதான் எழும்புகிறது. முன் டயர் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கின்றன. மெக்கானிக் இன்னும் இரண்டு அடி அடித்தால் வந்துவிடும் என்றார், நான் வேண்டாம் என்று கத்தி, திரும்பத் தளரவிட்டு, டார்ச் எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தோம். பத்து நிமிஷம் தேடினோம். என்ஜினில் இருந்து சேஸுக்குப் போகிற எர்த் பட்டை, முழுக்க ஆயில் அழுக்குப் படிந்து சேஸின் நிறத்திலேயே ஒட்டிக்கிடந்தது. ஒரே ஒரு போல்ட். அதைக் கழற்றியதும் பூ மாதிரி மேலே வந்தது. இன்னும் இரண்டு அடி அடித்திருந்தால் அந்தப் பட்டை அறுந்து, விறைத்து நின்ற என்ஜின் மொத்தமும் துள்ளியிருக்கும், நான் அப்போது வலது பக்கம் குனிந்துகொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன மாதிரியே என்ஜின் போனதும் வண்டியின் மூக்குப் பக்கம் நன்றாக எழும்பி, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

பிளாக் லேத்தில் இருக்கிறது. இரண்டாவது பிஸ்டனில் மேல் ரிங் மூன்று துண்டு. திரஸ்ட் வாஷர் ஒன்று காகிதம் மாதிரி ஆகிவிட்டிருந்தது, ஆனால் விழவில்லை, பிளாக் பிழைத்தது. 20 தவ் (இன்ச்சில் ஆயிரத்தில் இருபது பங்கு) ஓவர்சைஸ் போர் போட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள், பிஸ்டன் தேடிக்கொண்டிருக்கிறேன், யாரிடமாவது இருந்தால் சொல்லவும்.

ஒரே ஒரு சந்தேகம். அப்பாவின் டப்பாக்களில் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது, ஒன்றில் மட்டும் கேள்விக்குறி. பாதி வட்டமாக வளைந்த ஒரு தகடு, இரண்டு பக்கமும் துளை, கூடவே ஒரு 7/16 நட்டும் போல்ட்டும். எங்கிருந்து வந்ததென்று எனக்கும் தெரியவில்லை, மெக்கானிக்குக்கும் தெரியவில்லை, அப்பா இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

---

வண்டிப்பித்தன் எழுதியது:

அது சைலன்சர் பைப்பைக் கியர்பாக்ஸ் பக்கத்தில் பிடிக்கிற கிளாம்ப்பின் பாதியாக இருக்கும். மறுபாதி பைப்பிலேயே தொங்கும், வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். அப்பாவைத் தூங்கச் சொல்லுங்கள்.

---

காவிரிக்கரை எழுதியது:

பார்த்தேன். தொங்குகிறது. டப்பாவில் கேள்விக்குறியை அடித்துவிட்டுப் பெயர் எழுதியாகிவிட்டது, தேதியும் போட்டு.